இயந்திரங்களின் நாட்டில் எமது பிள்ளைகள் எதுவரை படிப்பது?

ஜேர்மனியில் வாழும் எமது குடும்பங்களில் ஒரு பிள்ளை இயந்திரப் பொறியியலில் இளமாணிப் பட்டம் பெற்றுவிட்டால், அன்றே அந்த வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: எப்போது வேலை? முதுமாணிப் படிப்புக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் வேண்டும் என்றால் முகங்கள் சுருங்குகின்றன. அதற்கும் அப்பால் கலாநிதிப் பட்டம் என்று பிள்ளை வாய் திறந்துவிட்டால், "இன்னும் எத்தனை வருசத்துக்கு நாங்கள் உழைச்சுப் போடுறது?" என்று தாயோ தந்தையோ கேட்டுவிடுகின்றனர். அந்தக் கேள்விக்குள் இருக்கும் களைப்பை நாம் அறிவோம். இரவு வேலை, பகல் வேலை என்று இருபது முப்பது ஆண்டுகளைக் கரைத்தவர்கள் கேட்கின்ற கேள்வி அது. ஆயினும் இந்த நாட்டைப் பொறுத்தவரை அது ஒரு தவறான தகவலின் மேல் நிற்கின்ற கேள்வி. அந்தத் தவறான தகவலைப் பற்றியே இன்று எழுத விரும்புகின்றோம்.

ஜேர்மனியில் பொறியியற் துறையிலே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர் பெரும்பாலும் வெறும் மாணவர் அல்லர். சம்பளம் பெறும் ஊழியர். பல்கலைக்கழக நிறுவகம் ஒன்றில் விஞ்ஞானப் பணியாளர் என்ற பதவிப் பெயருடன், எழுத்து மூலமான வேலை ஒப்பந்தத்துடன் அவர் சேர்கின்றார். மாநில அரசுகளின் ஊழியர்களுக்கான சம்பளத் திட்டத்தில் பதின்மூன்றாம் படியில் அவருக்கு ஊதியம் வழங்கப்படுகின்றது. முழுநேரப் பணியாயின் வரிக்கு முன் மாதம் 4,000 யூரோவுக்கு மேல். மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்கும். மொழி, வரலாறு போன்ற துறைகளில் அரைநேரப் பணியே கிடைத்தாலும், இயந்திரப் பொறியியலிலும் வானூர்திப் பொறியியலிலும் முழுநேரப் பணி கிடைப்பது வழமையானது. தொழிற்சாலைகள் ஆட்களை இழுத்துக்கொள்ளும் துறையில் பல்கலைக்கழகமும் விலை கொடுத்தே ஆளைப் பிடிக்க வேண்டியிருக்கின்றது.

எமது பெற்றோருக்கு இது ஏன் தெரியாமற் போனது? எமது சமூகத்தில் கல்வி பற்றிய செய்தி பாடசாலையில் இருந்து வருவதில்லை. லண்டனில் இருக்கும் மச்சானிடமிருந்தும் ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகளிடமிருந்தும் தொலைபேசியிலேயே வருகின்றது. அங்கே மேற்படிப்பு என்றால் கட்டணம், கடன், வங்கி. அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து இங்கே பொருத்திப் பார்க்கின்றோம். இங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் முதுமாணிப் படிப்புக்குக் கூடக் கற்கைக் கட்டணம் இல்லை. அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்தும் சிறு பங்களிப்புத் தொகை மட்டுமே. விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வூற்றம்பேர்க் மாநிலம் 2017 இன் குளிர்கால அரையாண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து படிக்க வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ அறவிடுகின்றது. மியூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் அவ்வாறு செய்யத் தொடங்கியது. ஆனால் இந்நாட்டிலேயே அபிதூர் பரீட்சையில் தேறிய எமது பிள்ளைகளை இந்தக் கட்டணங்கள் தொடுவதில்லை.

ஆய்வுப் பணியை நாம் சொர்க்கமாகச் சித்திரிக்கவில்லை. நான்கு முதல் ஆறு ஆண்டுகள் அது எடுக்கும். ஒப்பந்தம் ஓராண்டுக்கும் இரண்டாண்டுக்குமாக நீட்டப்படுவதுண்டு. 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கலாநிதிப் பட்டத்துக்கு முன் இவ்வாறு ஆறு ஆண்டுகள்வரை தற்காலிகமாக வைத்திருக்கலாம். பகலில் மாணவருக்குப் பயிற்சி வகுப்பு, பரிசோதனைக் கூட வேலை, தொழிற்சாலைக்குக் கொடுக்கவேண்டிய அறிக்கை; சொந்த ஆய்வேட்டை எழுதுவது மாலையிலும் வார இறுதியிலும். மேலதிகாரியாக இருக்கும் பேராசிரியரே பரீட்சகராகவும் இருப்பார். ஜேர்மனியர் அவரை 'டொக்ரர் தந்தை' என்று அழைக்கின்றனர். நல்ல தந்தையும் உண்டு, பொல்லாத தந்தையும் உண்டு.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை ஜேர்மனியின் தொழில்நுட்ப உயர்கல்லூரிகளுக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கும் உரிமை இருக்கவில்லை. பழைய பல்கலைக்கழகங்கள், எண்ணெய்க் கறை படிந்த கையினருக்குக் கலாநிதிப் பட்டமா என்று எதிர்த்தன. 1899 ஒக்டோபரில் கைசர் இரண்டாம் வில்லெம் பிரஷ்ய உயர்கல்லூரிகளுக்கு அந்த உரிமையை வழங்கினார். எதிர்த்தவர்களைச் சமாதானப்படுத்தப் பட்டத்தின் பெயரை இலத்தீனில் எழுதாமல் ஜேர்மன் மொழியில் எழுதவேண்டும் என்று வைத்தார்கள். இழிவாகக் கருதி ஒட்டப்பட்ட அந்தப் பெயர்தான் இன்று வீட்டுக் கதவுகளிலே பெருமையுடன் பொறிக்கப்படும் 'டொக்ரர் இன்ஜெனியர்'.

பட்டறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலுள்ள வாசல் இங்கே எப்படித் திறந்திருந்தது என்பதற்கு லுட்விக் பிரான்டலின் கதையே போதும். 1900 ஆம் ஆண்டளவில் நூர்ன்பேர்க்கில் இயந்திரத் தொழிற்சாலையொன்றில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை மிகச் சாதாரணமானது: பட்டறையில் விழும் சீவல்களை உறிஞ்சி எடுக்கும் குழாய்த் தொகுதியைச் சீர்செய்வது. விரிந்து செல்லும் குழாயில் காற்றின் அமுக்கம் கணக்கின்படி உயரவேண்டும், உயரவில்லை. காற்று சுவரை விட்டு விலகிக்கொண்டது. ஏன் விலகியது என்ற கேள்வியைத் தூக்கிக்கொண்டு அவர் 1901 இல் ஹனோவருக்குப் பேராசிரியராகச் சென்றார். 1904 இல் ஹைடல்பேர்க்கில் கூடிய கணித அறிஞர் மாநாட்டில் சில பக்கங்களே கொண்ட கட்டுரையொன்றை வாசித்தார். ஓடும் காற்றோ நீரோ ஒரு பொருளின் மேற்பரப்பை உரசும் இடத்தில் மிக மெல்லிய படலம் ஒன்று உண்டு. பொருளைப் பிடித்திழுக்கும் உராய்வு முழுவதும் அந்தப் படலத்துக்குள்தான் நடக்கின்றது. அந்தப் படலம் பிரிந்து கழன்றால்தான் காற்றோட்டம் குலைகின்றது என்பதே அதன் சாரம். விமானச் சிறகு ஏன் தூக்கிப் பிடிக்கின்றது, எப்போது கைவிட்டுவிடுகின்றது என்பதை மனிதன் கணக்கிடத் தொடங்கியது அங்கிருந்துதான். கோட்டிங்கனில் பிரான்டலிடம் பயின்றவர்கள் உலகெங்கும் பரவினர். இந்தியாவின் முதல் விமான வடிவமைப்பாளர்களில் ஒருவரான வி.எம். காட்டகே 1930களில் அங்கே கற்றவர். புடாபெஸ்டில் பிறந்த யூதரான தியோடோர் வொன் கார்மன் 1908 இல் அங்கே கலாநிதியாகி, 1913 முதல் ஆகன் நகரின் வானூர்தி நிறுவகத்தை வளர்த்து, 1930 இல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். மூன்று ஆண்டுகளின் பின் நாசிகள் யூதப் பேராசிரியர்களைப் பதவிநீக்கியபோது, அதே ஆகனில் கார்மனின் பழைய சகாக்கள் பலர் வீதிக்கு வந்தனர். தன் பொறியியலாளரை அகதிகளாக்கிய நாடு என்ன இழந்தது என்பதை ஜேர்மனியர் இன்று தாமே எழுதுகின்றனர். நாம் வந்த தீவில் அப்படியான கணக்கை இன்னும் எவரும் எழுதக் காணோம்.

அகதிப் பிள்ளை இயந்திரம் படித்த கதையும் இங்கே உண்டு. டீசல் என்ற சொல்லை எமது ஊரில் உழவு இயந்திரம் வைத்திருந்த எவரும் அறிவர். றூடோல்ப் டீசல் பிறந்தது 1858 இல் பாரிஸ் நகரில். பெற்றோர் பவாரியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1870 இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதும் ஜேர்மனியர் என்ற காரணத்தால் அக்குடும்பம் பாரிசை விட்டு விரட்டப்பட்டு லண்டனுக்குத் தப்பி ஓடியது. அங்கிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுவன் தனியாக அவுக்ஸ்பூர்க்கில் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். சிறுவர்களைத் தனியே விமானமேற்றி அனுப்பிய எமது குடும்பங்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. பதினேழு வயதில் அவனுக்கு மியூனிச் தொழில்நுட்பக் கல்லூரியில் புலமைப்பரிசில் கிடைத்தபோது பெற்றோர் விரும்பவில்லை. படித்தது போதும், உழைக்க வரட்டும் என்பதே அவர்களின் எண்ணம். அவன் கேட்கவில்லை. மியூனிச்சில் கார்ல் வொன் லிண்டவிடம் வெப்பவியக்கவியல் கற்றான். நீராவி இயந்திரம் நிலக்கரியின் வெப்பத்தில் மிகச் சிறு பங்கையே வேலையாக மாற்றுகின்றது என்பதை அந்த விரிவுரைகளில் அறிந்துகொண்டான். அந்த ஒரு கணக்கு மனதில் கிடந்து, 1897 இல் அவுக்ஸ்பூர்க் தொழிற்சாலையில் அவனது இயந்திரமாக ஓடியது.

பொறியியல் எமக்குப் புதிய ஆசை அல்ல. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் கணிதப் பிரிவில் படித்த ஒவ்வொரு மாணவனின் கனவும் பேராதனையாகவோ கட்டுபெத்தையாகவோ இருந்தது. 1971 இல் தரப்படுத்தல் வந்தபோது பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழியில் பரீட்சை எழுதியவருக்கு 400 இல் 227 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டியிருந்தது. அந்த இருபத்துமூன்று புள்ளிகள் எத்தனை குடும்பங்களின் வாழ்வைத் திசைதிருப்பின என்பதை மூத்த வாசகர்கள் அறிவர். அந்தச் சுவரைத் தாண்டியவர்களும் அதற்கு முன் உள்ளே போனவர்களும் முதற் பட்டத்துடன் நின்றுவிடவில்லை. பேராசிரியர் அ. துரைராஜா கேம்பிரிட்ஜில் மண்ணின் இயக்கவியலில் ஆய்வு செய்து 1963 இல் ரொஸ்கோ, ஷோபீல்ட் ஆகியோருடன் வெளியிட்ட கட்டுரை அத்துறையின் அடிப்படை நூல்களில் ஏறியது. அவரே 1988 முதல் யாழ். பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக, போர்க்கால நெருக்கடிக்குள் அதை நடத்தி 1994 இல் மறைந்தார். எமது மக்கள் கவிஞராகவே பெரிதும் அறிந்த சி. சிவசேகரம் தொழிலால் இயந்திரப் பொறியியற் பேராசிரியர். 1970களில் காற்றுச் சுழலிகள் பற்றியும் பின்னர் எரிகலங்களில் எழும் அதிர்வுகள் பற்றியும் அவர் எழுதிய ஆய்வுகள் அத்துறையினர் வாசிப்பவை.

இந்த மரபு ஜேர்மனிக்கு வந்ததும் அறுந்தது. அறுத்தது எவருடைய சோம்பலும் அல்ல. 1980களில் கிழக்கு பேர்லின் வழியாக வந்து சேர்ந்தவர்களுள் உயர்தரம் முடித்தவரும் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவரும் இருந்தனர். 1982 ஆம் ஆண்டுத் தஞ்சச் சட்டம் ஒதுக்கப்பட்ட பிரதேசத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது என்று அவர்களைக் கட்டியது. வேலைத் தடையும் இருந்தது. இருபது கிலோமீற்றருக்கு அப்பாலிருக்கும் பல்கலைக்கழகத்தைப் போய்ப் பார்க்கவும் அனுமதிக் கடிதம் வேண்டும் என்றால் எவன் படிப்பான்? தடை நீங்கியபோது ஊரில் பட்ட கடன் வளர்ந்திருந்தது, தங்கைமாருக்கு வயதாகியிருந்தது. கோப்பை கழுவியவர்கள் அதனால்தான் கழுவினர். அவர்களின் பிள்ளைகள் பத்து வயதில், ஜேர்மன் மொழி முழுதாக வாயில் வருமுன்னரே, ஆசிரியையின் ஒரு பரிந்துரையால் ஹவுப்ற்சூலவுக்குப் போனார்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கின்றது என்று புரியாமலே கையொப்பமிட்ட தந்தையர் எத்தனை பேர்!

ஆயினும் அந்தத் தாளோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. தொழிற்பயிற்சி முடித்து மைஸ்ரர் ஆனவர் அபிதூர் இன்றியே பல்கலைக்கழகம் போகலாம் என்று மாநிலக் கல்வி அமைச்சர்கள் 2009 இல் முடிவு செய்தனர். பிரயோக விஞ்ஞானங்களுக்கான உயர்கல்லூரியான பாக்ஹொக்சூலயில் முதுமாணி முடித்தவரும் கலாநிதிப் பட்டத்துக்குப் போகலாம். 2016 இல் ஹெசன் மாநிலம் அத்தகைய கல்லூரிகளுக்கே அப்பட்டத்தை வழங்கும் உரிமையைக் கொடுக்கத் தொடங்கியது. கடைசல் இயந்திரத்தின் முன் எட்டு மணிநேரம் நிற்கும் எமது இளைஞன் ஒருவனுக்கு உலோகம் எங்கே வெடிக்கும் என்பது கையிலேயே தெரியும். அது ஏன் அங்கே வெடிக்கின்றது என்று கணக்கிடும் இடம்தான் மேற்படிப்பு. பிரான்டலும் சீவல் குழாயிலிருந்துதான் தொடங்கினார்.

பெண் பிள்ளைகள் விடயத்தில் இன்னொரு தயக்கம் சேர்கின்றது: கலாநிதி முடிக்க முப்பது வயதாகிவிடும், பிறகு எங்கே மாப்பிள்ளை தேடுவது? ஹாமெல்ன் நகரில் பிறந்த இர்ம்காட் புளூக-லொட்ஸ் 1929 இல் ஹனோவரில் பொறியியற் கலாநிதியானார். கோட்டிங்கனில் சிறகின் மேல் தூக்குவிசை பரவும் விதத்தைக் கணக்கிட முறை கண்டவர் அவர். பின்னர் அமெரிக்காவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பொறியியற் பேராசிரியரும் ஆனார். பத்திரிகையாளர் ஒருவரின் மகள் என்பதைத் தொழில் அபிமானத்துடன் சேர்த்துக்கொள்கின்றோம். அவர் திருமணமும் செய்தார்.

இப்போது, அண்மைக் காலத்தில் வந்து முகாம்களிலும் சிற்றூர்களிலும் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. இவர்களுள் மொறட்டுவையிலும் பேராதனையிலும் பட்டம் பெற்றவர்கள் இருக்கின்றனர். 2014 இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் வகுப்புகளைத் தொடங்கிய யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலிருந்து வெளியேறியவர்களும் இனிமேல் வருவார்கள். "அகதி விண்ணப்பம் போட்டவர் படிக்க ஏலாது" என்று முகாமில் இவர்களுக்குச் சொல்லப்படுகின்றது. அவ்வாறு பொதுவாகத் தடுக்கும் மத்திய சட்டம் எதுவும் இல்லை. அனுமதி அட்டையில் எழுதப்பட்ட நிபந்தனைகளை வரிவரியாக வாசிக்க வேண்டும். சட்டத்தரணியிடமோ ஆலோசனை நிலையத்திலோ காட்ட வேண்டும். பல்கலைக்கழகம் கேட்பது தகுதிச் சான்று, மொழிச் சான்று, காப்புறுதி. ஜேர்மன் மொழியில் நடக்கும் கற்கைக்குப் பொதுவாக சீ1 தரம் வேண்டும். ஆங்கிலத்தில் நடக்கும் முதுமாணிக் கற்கைகளும் உண்டு. ஆனால் ஆங்கிலத்தை நம்பி ஜேர்மன் மொழியைத் தள்ளிப்போடுபவர், பட்டம் கிடைத்தபின் தொழிற்சாலை வாசலில் நிற்பார். பட்டறைத் தலைவர் பேசுவது ஆங்கிலம் அல்ல.

பணம் வேறு விடயம். அகதி அந்தஸ்து கிடைத்தவருக்கு அரசின் கல்வி உதவியான 'பவோக்' கோரும் உரிமை உண்டு. அதில் பாதி நன்கொடை, பாதி வட்டியில்லாக் கடன். படிப்பைத் தொடங்குவதற்கான வயதெல்லை 2022 இல் 45 ஆக உயர்த்தப்பட்டது. 'டுல்டுங்' பத்திரத்துடன் இருப்பவருக்குப் பதினைந்து மாதங்கள் கழிந்தபின் அவ்வுரிமை வருகின்றது. விசாரணை முடியாமல் காத்திருப்பவருக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. மூவரில் மிகவும் சிக்கியிருப்பவர் இவரே. ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு நீளும்போது அவரது கணிதமும் துருப்பிடிக்கின்றது. அந்தக் காலத்தில் மொழியையாவது படித்துவிட வேண்டும். ஊரிலிருந்து மாணவ விசாவில் வர எண்ணுவோரின் பாதை முற்றிலும் வேறு. அவர்கள் ஓராண்டுச் செலவை முடக்கிய வங்கிக் கணக்கில் காட்டவேண்டும். 2024 செப்டெம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. ஏஜென்சிக்காரருக்கு அதைவிடக் கூடிய பணத்தைக் கொடுத்துக் காடும் ஆறும் கடந்து வந்தவர்களை நாம் கண்டிருக்கின்றோம். இந்தக் கணக்கை அவர்களுக்கு எவரும் முன்னரே சொல்லவில்லை.

எங்கே படிப்பது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஆகன், மியூனிச், ஸ்ருட்காட், பிறவுன்சுவைக், பேர்லின், டிரெஸ்டன், டாம்ஸ்ரட். இயந்திரத்துக்கு இவை அனைத்தும் நல்லவை. வானூர்தி, விண்வெளித் துறைக்கு ஸ்ருட்காட்டில் தனிப் பீடமே உண்டு. டிரெஸ்டனில் பழைய 'டிப்ளோம்' பட்டமும் இயந்திரப் பொறியியலில் இன்னும் வழங்கப்படுகின்றது. பெயருக்காக மியூனிச் போய் அறை வாடகையில் மூழ்குவதைவிட, வாடகை குறைந்த நகரில் நல்ல நிறுவகத்தைத் தேடுவது புத்தி என்பது எமது அபிப்பிராயம்.

இனி, எமது சமூகத்தில் சற்றுத் தாழ்ந்த குரலில் மட்டுமே கேட்கப்படும் ஒரு கேள்வி. விமானம் எமக்கு எதனால் அறிமுகமானது? வன்னியில் வளர்ந்த ஒரு குழந்தையின் சொல்லகராதியைப் பாருங்கள்: கெலி, பொம்மர், சகடை, கிபீர், வண்டு. ஐந்தும் வானத்திலிருந்து வந்தவை. 1995 யூலை 9 இல் நவாலி தேவாலயத்திலும், 2006 ஓகஸ்ட் 14 இல் செஞ்சோலையிலும் நடந்ததை எமது வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படி இருக்க, அந்தப் பொறிகளின் கலையை எம் பிள்ளை கற்பதா? தந்தையொருவர் எம்மிடம் இதை நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டோம்.

கிபீர் விமானத்தின் இயந்திரம் அமெரிக்காவின் ஜே-79. அதே இயந்திரத்தின் குடிசார் வடிவம் கொன்வேயர் 880 என்ற பயணிகள் விமானத்தைப் பறக்கவைத்தது. நிலத்தில் பொருத்தப்பட்டு மின்சாரமும் உற்பத்தி செய்தது. அழுத்தி, எரிகலம், சுழலி எல்லாம் ஒரே கணக்கு. கணக்கு குண்டு போடுவதில்லை. ஆனால் கணக்குப் போடுபவர் யாருக்காகப் போடுகின்றார் என்பது வெறும் தத்துவப் பிரச்சினையும் அல்ல. ஜேர்மனியில் இது பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே நடக்கும் வழக்கு. பிரேமன் பல்கலைக்கழகம் 1986 இல், படைத்துறை நோக்குடைய ஆய்வைச் செய்யமாட்டோம் என்று தீர்மானித்தது. டாம்ஸ்ரட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2012 இல் அமைதி நோக்கங்களுக்கே ஆய்வு என்று தன் யாப்பில் எழுதியது. மறுபுறம், 2024 இல் பவாரியா மாநிலம் தன் பல்கலைக்கழகங்களில் அத்தகைய கட்டுப்பாட்டையே சட்டத்தால் தடைசெய்தது. உக்ரைன் போருக்குப் பின் காற்று அந்தப் பக்கமே வீசுகின்றது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் இது குறுக்கிடும்: படைத்துறைப் பிரிவுகளில் பாதுகாப்புப் பரிசோதனை உண்டு. விமான நிலையங்களின் பாதுகாப்புப் பகுதிகளில் பணியாற்றவும் சட்டப்படி நம்பகத்தன்மைச் சோதனை உண்டு. ஜேர்மன் குடியுரிமை பெறாதவருக்கு இவை தாமதத்தையும் சில கதவுகளில் மறுப்பையும் தரக்கூடும்.

எந்த நிறுவகத்தின் பணம் எங்கிருந்து வருகின்றது என்று ஆய்வு ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் கேட்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. நேர்முகத்தில் அக்கேள்வியைக் கேட்பது அவமரியாதை அல்ல. இந்நாட்டுப் பிள்ளைகளும் கேட்கின்றனர். குண்டின் கீழ் பதுங்குகுழியில் இருந்தவர்களின் பிள்ளைகள் அதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது? ஆனால் கேட்பதற்கு முதலில் அந்த அறைக்குள் இருக்க வேண்டும். துறையையே விட்டு விலகி நிற்பதை நாம் ஏற்கவில்லை.

அத்துடன் வானூர்திப் பொறியியல் என்பது விமானத்தோடு முடிவதுமில்லை. காற்றாலையின் அலகு ஒரு சிறகுதான். ஓடும் காற்றிலுள்ள சக்தியில் 59.3 வீதத்துக்கு மேல் எந்தக் காற்றாலையும் எடுக்கமுடியாது என்ற எல்லையை 1920 இல் வகுத்த அல்பேர்ட் பெற்ஸ், பிரான்டலின் கோட்டிங்கன் சகா. ஸ்ருட்காட் பல்கலைக்கழகத்தில் 2004 இல் காற்றுச் சக்திக்கான பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டபோது அது வைக்கப்பட்ட இடம் விமானக் கட்டுமான நிறுவகம். மன்னார்த் தீவின் கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட முப்பது காற்றாலைகளும் டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனத்துடையவை, மொத்தம் 103.5 மெகாவற். மேலும் கோபுரங்கள் நாட்டும் திட்டங்கள் வந்தபோது, 2025 இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். வெள்ளம் வடியும் வழி, வலசைப் பறவைகளின் பாதை, மீனவர்களின் கரை என்பன அவர்களின் கவலைகள். கொழும்பு தன் நிபுணரின் அறிக்கையை வைத்தது. அந்த அறிக்கையை வரிவரியாக வாசித்து, இந்தக் கோபுரத்தை ஐந்து கிலோமீற்றர் தள்ளி வைத்தால் மின் உற்பத்தி இவ்வளவுதான் குறையும் என்று சொந்தக் கணக்கை மேசையில் வைக்கக்கூடிய எமது கலாநிதிகள் எத்தனை பேர்? பாதிரியார்களும் மீனவச் சங்கத்தினருமே அந்தச் சுமையையும் சுமக்க வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரு நடைமுறை விடயம். வெளிநாட்டுப் பட்டங்களைக் கல்வி அமைச்சர்கள் மாநாடு 'அனபின்' என்ற தரவுத்தளத்தில் வகைப்படுத்தி வைத்திருக்கின்றது. எவரும் இலவசமாகப் பார்க்கலாம். தனிப்பட்ட பட்டத்தை மதிப்பிட்டுச் சான்று தருவது பொன் நகரிலுள்ள மத்திய அலுவலகம். 'இன்ஜெனியர்' என்ற பெயரைப் பயன்படுத்துவது மாநிலச் சட்டங்களால் காக்கப்பட்ட உரிமை என்பதால் அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். போரிலோ பயணத்திலோ சான்றிதழ்களை இழந்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அத்தகைய அகதிகளின் கல்விப் பின்னணியை வேறு வழிகளில் ஆராய்ந்து அனுமதிக்கலாம் என்று அதே மாநாடு 2015 டிசெம்பரில் தீர்மானித்தது. இருப்பினும் பாட வாரியான புள்ளிப் பட்டியலை ஊரிலுள்ள பல்கலைக்கழகத்திலிருந்து எடுக்க முடிந்தவர்கள் இப்போதே எழுதிப்போடுங்கள்; அது வந்துசேர மாதங்கள் ஆகும். குளிர்கால அரையாண்டுக்கான இறுதித் திகதி பல பல்கலைக்கழகங்களில் யூலை 15. வெளிநாட்டுப் பட்டத்துடன் விண்ணப்பிப்போருக்குச் சில இடங்களில் அது மார்ச் மாதமே முடிந்துவிடுகின்றது.